கிரேஸ் அக்காவின் இரண்டாவது பக்கம்

"புறா எங்க சாமு?"

சவப்பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. நான் பால்ராஜ் அண்ணனின் வாழ்க்கைக் குறிப்பை மைக்கில் வாசித்து முடித்து, தாளை மடித்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சின்ன இடைவெளியில், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து கிரேஸ் அக்கா எழுந்து நின்று இதைக் கேட்டாள்.

கிரேஸ் என் கூடப்பிறந்த அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மைக் இல்லாமலே அவள் குரல் வெளியே நிற்கிற வண்டி டிரைவருக்குக் கேட்கும்.

நான் உதட்டை மட்டும் அசைத்து, "உக்காருக்கா" என்றேன்.

"நாப்பது வருஷம் மாடியில புறா வளத்தவருடா அவரு. விடியக்காலைல அவர் விசிலடிச்சாத்தான் நம்ம தெருவே முழிச்சுக்கும். கர்ணம் போடற புறாவைப் பாக்க சிவாஜி நகர்லருந்து பாய்ங்கல்லாம் வருவாங்க. நீ படிச்சதுல ஒரு எறகு கூட இல்ல. யாரை அடக்கம் பண்ணப் போறீங்க?"

பால்ராஜ் அண்ணனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள், அவர் சிரித்தாராம்.

பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். கீபோர்டு வாசிக்கிறவர் அதைவிட அவசரமாக ஆரம்பித்தார். எனக்கு முகமெல்லாம் சூடு. எங்கள் ஏரியா லிங்கராஜபுரத்தில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அன்று முழுக்க அக்காவோடு நான் பேசவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், புறா என் தாளில் இருந்தது. முதலில் எழுதியபோது இரண்டு வரி எழுதியிருந்தேன். முந்தின நாள் சபைச் செயலர் போன் செய்து, "புறான்னா பந்தயம்னு ஜனங்க நெனப்பாங்க பிரதர், எதுக்கு?" என்றார். உடனே எடுத்துவிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் ஒரே குறிப்பு

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபைகளில் ஒருவர் இறந்தால், அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். எங்கே பிறந்தார், எப்போது ஞானஸ்நானம், என்ன வேலை, யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள், கடைசியில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." துக்க வீட்டில் யாருக்கும் பேனா பிடிக்கத் தெம்பு இருக்காது. அதனால் எழுதுகிற வேலை யாராவது ஒருவன் தலையில் விழும். எங்கள் சபையில் இருபது வருடங்களாக அந்தத் தலை என்னுடையது.

காரணம் என் தமிழ் அல்ல, என் கையெழுத்து. தொழிற்சாலையில் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தவன் என்பதை இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். எழுத்து அச்சுக் கோத்தது மாதிரி இருக்கும். கண்ணாடி மறந்து வந்த பாஸ்டர் கூட அதை வாசித்துவிடலாம்.

இறந்தவர்கள் எல்லோரும் என் தாளில் ஒரே ஆளாகத்தான் இருந்தார்கள். சிறு வயது முதலே தேவபக்தி உள்ளவர். விருந்தோம்பலில் சிறந்தவர். அதிர்ந்து பேசாதவர். மனைவியை அடிக்காத நாள் இல்லை என்று தெருவே அறிந்த ஒரு மனிதரைக்கூட நான் "கண்டிப்பும் கனிவும் மிக்க கணவர்" என்று எழுதியிருக்கிறேன். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். அந்த அம்மாளின் முகத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு வேலை இன்னும் மோசமானது. பழைய குறிப்பைத் திறப்பேன், பேரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், அச்செடுப்பேன். ஒரு முறை கல்யாணமே செய்துகொள்ளாத ஓர் எலக்ட்ரீஷியனுக்கு வாசித்தேன். "இவர் நமது சபையின் மாதர் சங்கத்தில் பதினைந்து ஆண்டுகள் பொருளாளராகப் பணியாற்றி" என்று வாய் சொல்லிக்கொண்டே போகிறது. முந்தின மாதம் இறந்த அம்மாளின் வரி அப்படியே தங்கிவிட்டது. பாதியில் எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தவில்லை, முழுசாக வாசித்தேன்.

கடைசியில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மாதர் சங்கத்துப் பெண்களே ஆமென் சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நானும் என் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் அறுபது வருடம் வாழ்ந்து முடித்திருக்கிறான், அவன் ஆணா பெண்ணா என்றுகூடக் கவனிக்காமல் ஆமென் சொல்கிறது ஒரு கூட்டம். அதற்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

அந்த எலக்ட்ரீஷியன் பழைய ரேடியோக்களைச் சேர்த்து, பழுது பார்த்து, அறை முழுக்க அடுக்கி வைத்திருந்தார். இலங்கை, ரஷ்யா என்று எங்கெங்கோ ஒலிபரப்புகளைப் பிடித்துக் கேட்பார். ஒரு நாள் என்னை உள்ளே அழைத்து, கரகரவென்று வந்த ஒரு குரலைக் கேட்கவைத்து, "இது எந்த ஊருன்னு சொல்லுங்க சார்" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். அதை நான் எழுதியிருக்கலாம்.

பிளேடும் கோடும்

ரசனை என்றால் பாட்டு, சினிமா, சாப்பாடு என்று நினைக்கிறோம். என் ரசனையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குப் பிடித்தது சுத்தமான கோடு.

அந்தக் காலத்தில் டிரேசிங் தாளில் மைப் பேனாவால் வரைவோம். கோடு தப்பினால் ரப்பரால் போகாது. அரை பிளேடை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மையை மட்டும் சுரண்ட வேண்டும். தாள் கிழியக் கூடாது. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கினால், அங்கே ஒரு கோடு இருந்தது என்று மேலதிகாரியால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. டிராயிங் ஆபீஸில் என்னைவிட நன்றாகச் சுரண்டுகிறவன் கிடையாது. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

முப்பது வருடம் ஒன்றை ரசித்துச் செய்தால் அது கையோடு நிற்பதில்லை, புத்திக்கும் வந்துவிடும். வீட்டில் சண்டை வந்தால் யார் பக்கம் நியாயம் என்று நான் பார்த்ததில்லை. சண்டை நடந்த சுவடு இல்லாமல் தேய்த்துவிடத்தான் பார்ப்பேன். கமிட்டிக் கூட்டத்தில் யாராவது குரல் உயர்த்தினால், "சரி விடுங்க, பேசித் தீத்துக்கலாம்" என்று நான்தான் எழுந்து சொல்வேன். எல்லோரும் என்னை நல்ல மனுஷன் என்றார்கள். எனக்கும் அது இனித்தது.

அக்காவின் ரசனை வேறு. அவளுக்குப் பிடித்தது கால்பந்து.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்

நாங்கள் வளர்ந்தது ஜோகுபாளையத்தில். அப்பாவுக்குக் கால்பந்து என்றால் உயிர். மகனுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று என்னைத்தான் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். நான் அவர் மடியில் தூங்கிவிட்டேன். இரண்டாவது தடவையும் தூங்கினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை. கல்யாணம் ஆனது, மகள் ஷீபா பிறந்தாள், ஷீபாவுக்கு நான்கு வயதாகும்போது மாமா இறந்துபோனார். ஒரு வருடம் எங்கும் போகாமல் இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடையையும் ஒரு பொட்டலம் வறுத்த கடலைக்காயையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் சிமெண்டுப் படிக்கட்டு. எப்போதும் அதே இடம். அங்கேதான் ரங்கப்பா அறிமுகம். ஒக்கலிபுரத்துக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக், வீட்டில் கன்னடம், டிப்போவில் பழகிய தமிழ். அக்காவைவிட இளையவர். இரண்டு பேரும் வேறு வேறு அணிக்காகக் கத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் கடலைக்காயைப் பங்கு போட்டுக்கொண்டு நடுவரைத் திட்டுவார்கள். சில நாட்களில் ரங்கப்பாவின் மனைவியும் வந்து உட்கார்வார், ஆட்டத்தைப் பார்க்காமல் பூக் கட்டிக்கொண்டிருப்பார்.

சபைக்கு இது பொறுக்குமா? கைம்பெண். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனைக்கு வராமல் ஆண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து விசிலடிக்கிறாள், கூட யாரோ ஓர் ஆள் வேறு. காலை ஆராதனையை அவள் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை. மாதர் சங்கத் தேர்தலில் அவள் பேரைச் சொன்னபோது, "அவங்களுக்கு டைம் இருக்காது, மேட்ச் இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

என்னையும் ஒரு முறை ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து இங்கே போனால் தலை இங்கே, அங்கே போனால் தலை அங்கே.

"பந்தைப் பாக்காதடா" என்றாள். "பந்தை எல்லாரும்தான் பாக்கறாங்க. பந்து இல்லாதவன் எங்க ஓடறான்னு பாரு. ஆட்டம் அங்கதான் இருக்கு."

எனக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவளுடைய வாழ்க்கையே அந்தப் பார்வைதான் என்று பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் மேடையைப் பார்க்க மாட்டாள், இன்னும் இலை கிடைக்காமல் நிற்கிறவரைத்தான் பார்ப்பாள். எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மூன்று நாள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைக் கவனித்து, நான்காம் நாள் தன் டிபன் டப்பாவோடு அங்கே போய் உட்கார்ந்தவள் அவள். கிறிஸ்துமஸுக்குக் கமிட்டிக்காரர்கள் வீடு வீடாகக் கேக் கொடுத்துக்கொண்டபோது, கோவிலைப் பெருக்குகிற அம்மாவுக்கு யாருமே கொடுக்கவில்லை என்பது அவள் ஒருத்தி கண்ணில்தான் பட்டது. அதையும் சும்மா விடவில்லை, அறிவிப்பு நேரத்தில் எழுந்து கேட்டாள்.

காவிரித் தண்ணீருக்காக இந்தக் கன்னட ஊர் தமிழர்கள்மேல் கொதித்த அந்த நாட்களையும் சொல்ல வேண்டும். பஸ் இல்லை, கடை இல்லை, தமிழ் எழுத்து இருந்த பலகைகளை எல்லாம் இரவோடு இரவாக இறக்கிவிட்டார்கள். அக்கா வீட்டில் அவளும் சின்னப் பெண் ஷீபாவும் மட்டும். காலையில் கதவைத் திறந்தால் கேட்டுக்கு வெளியே ரங்கப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து கன்னடப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சாயங்காலம் ஒரு கும்பல் தெருமுனையில் வந்து, இது யார் வீடு என்று கேட்டது. "நம்ம அக்கன மனெ" என்றார், எங்க அக்கா வீடு. பேப்பரை மடிக்கக்கூட இல்லையாம். கும்பல் போய்விட்டது. அவர் மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த மனிதரைப் பற்றித்தான் எங்கள் சபையில் காதோடு காதாகப் பேசினார்கள்.

"நல்ல பொம்பள, யாரு இவ?"

புறா விஷயத்துக்குப் பிறகு கமிட்டி கூடியது. தீர்மானம் போட்டார்கள். வாழ்க்கைக் குறிப்பு இனி ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், வாசிக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. ஒரு மனிதனுடைய வாழ்க்கை எத்தனை பக்கம் என்பதைத் தீர்மானிக்க ஏழு பேர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு கூடினார்கள். எழுபது வருடத்துக்கு ஒரு பக்கம், அதிலும் பாதி பிள்ளைகளின் படிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போய்விடும். இந்தத் தீர்மானத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் கைவிட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஷீபாதான் கூட்டிக்கொண்டு போவாள். ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள் அக்கா.

"என்னோடதை இப்பவே எழுது. உயிரோட இருக்கறப்பவே படிச்சுக் காட்டு. நான் கேட்டு ஓகே சொல்லணும்."

"என்னக்கா பேச்சு இது."

"பால்ராஜ் அண்ணனுக்குக் கேக்க நான் இருந்தேன். எனக்கு யாரு கேப்பா?"

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனேன். வழக்கமான வரிகள்தான், கொஞ்சம் பாசத்தோடு. அவள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். முடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நல்ல பொம்பள" என்றாள். "யாரு இவ?"

"அக்கா..."

"பொறந்தது, படிச்சது, வேலை பாத்தது எல்லாம் சரி. அது ஆதார் கார்டுலயே இருக்கு. எனக்கு என்ன புடிக்கும்னு இதுல எங்க இருக்கு? எனக்குப் புடிச்சதை எடுத்துட்டா மிச்சம் என்னடா இருக்கு? பேனாவை எடு, நான் சொல்றேன், நீ எழுது. நான் சொன்ன மாதிரியே எழுதணும். உன் பிளேடு வேலையெல்லாம் இங்க வேணாம்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. நான் முதலில் எழுதியது முதல் பக்கம், இது இரண்டாவது பக்கம். கடைசி வரியைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தலையைத் தூக்கவில்லை.

"படிப்பியா?" என்றாள்.

"படிக்கிறேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ரங்கப்பாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். உன் பேரு சபையில வாசிப்பாங்க, சம்சாரம் பையனையெல்லாம் கூட்டிட்டு வான்னு. சாவுக்கு இன்விடேஷன் குடுத்த ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்." சிரித்தாள். ஷீபா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, அம்மா என்ன எழுதச் சொன்னாங்க?" என்று கேட்டாள். "சும்மா பழைய கதைம்மா" என்று தாளை மடித்தேன்.

ஒரு பக்கம்தான்

மூன்று மாதம் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், அக்கா போய்ச் சேர்ந்தாள்.

அடக்க ஆராதனைக்கு முன் செயலர் வந்து என் தோளைத் தொட்டார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒரு பக்கம்தானே பிரதர்?" என்றார்.

"ஒரு பக்கம்தான்" என்றேன்.

மைக்குக்குப் போனேன். முதல் பக்கத்தை வாசித்தேன். தேவபக்தி, விருந்தோம்பல், பொறுமை. பொறுமை என்ற சொல்லை வாசிக்கும்போது என் குரல் உடைந்தது. ஜனங்கள் துக்கம் என்று நினைத்தார்கள். அவளுக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம்? கடைசி வரிக்கு வந்து நிறுத்தினேன். இரண்டாவது பக்கம் சட்டைப் பையில் இருந்தது. ஒரு நொடி நின்றேன். எழுந்து கேட்கக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தாள். ஆமென் என்றார்கள்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ரங்கப்பா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அவர் மனைவி, மகன், மருமகள். மகன் அலுவலகத்துக்கு லீவு போட்டு வந்திருக்கிறான். அவர்கள் ஆராதனை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"சார், மிச்சத்தை கல்லறைகிட்ட படிப்பீங்களா?" என்று கேட்டார். குறை சொல்லிக் கேட்கவில்லை. எங்கள் வழக்கம் தெரியாததால் உண்மையாகவே கேட்டார்.

"நேரம் இருக்காது ரங்கப்பா" என்றேன்.

"ஆய்த்து சார், பரவால்ல."

பெட்டியைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு, போய்த் தோள் கொடுத்தார்.

தெரியாதவர்களுக்கு

இரண்டு வாரம் கமிட்டியைத் திட்டினேன், செயலரைத் திட்டினேன், ஒரு பக்கத் தீர்மானத்தைத் திட்டினேன். என் மனைவி கேட்டுக் கேட்டு, "திட்டினது போதும், போய் அந்த ஆளைப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

ஒக்கலிபுரத்துக்குப் போனேன். ரயில் சத்தம் கேட்கிற சந்தில் வீடு. ரங்கப்பாவின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். "அக்கா எழுதச் சொன்னது. உங்களுக்குப் படிச்சுக் காட்டிடறேன்."

அவர் தாளின்மேல் கையை வைத்தார். கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன நகங்கள், ஓய்வு பெற்றும் வெளுக்கவில்லை.

"வேணாம் சார். இதுல இருக்கறது எல்லாம் எனக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான். தெரியாதவங்களுக்குப் படிங்க."

தாளை என் பக்கம் தள்ளிவைத்தார். அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வார இதழ் எங்கள் சபையில் பல வீடுகளுக்குப் போகிறது. செயலர் வீட்டுக்கும் போகிறது. தெரியாதவர்களுக்குப் படிக்க எனக்குத் தெரிந்த இடம் இது ஒன்றுதான். அவள் சொன்னதைச் சொன்னபடியே கீழே தருகிறேன், ஒரு எழுத்தும் சுரண்டவில்லை.

*எனக்குப் புடிச்சது புட்பால். அப்பா கூட்டிட்டுப் போனார், அப்புறம் நானே போனேன். அதுக்காக யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் ஸ்டேடியத்துல இருந்தேன், கர்த்தருக்கும் அது தெரியும். நல்ல பாஸ் ஒண்ணைப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்கும். பாட்டுக்கு அழறவங்க இருக்காங்க, அது மாதிரி. விசிலடிக்கப் புடிக்கும். கடலைக்காய் புடிக்கும். தனியா நிக்கறவங்க பக்கத்துல போய் நிக்கப் புடிக்கும், அதைக் கத்துக்கிட்டது கிரவுண்டுல, கோவில்ல இல்ல. ரங்கப்பா என் தம்பி மாதிரி. கலாட்டா நாள்ல மூணு நாள் என் கேட்டுல உக்காந்து என்னையும் என் பொண்ணையும் காப்பாத்தினான். அவனைப் பத்தி யார் என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியும். பேசினவங்க இன்னிக்கு அவன் மூஞ்சியைப் பாக்கணும். என் கூடப்பொறந்த தம்பி சாமுவேல் அப்போ ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். மூணு நாளும் வரல. அவன்மேல எனக்குக் கோவம் இல்ல, அவனுக்கு பயம். ஆனா வரலைங்கறதையும் இதுல எழுதணும்.*

இதுதான் அந்தப் பக்கம். கமிட்டி இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. செயலர் இதைப் பார்த்ததே இல்லை. நான் யாரிடமும் காட்டவில்லை.